லினக்ஸ் கணினியில் விண்டோஸ் மென்பொருள்களை இயக்குதல்: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் அத்தகைய கணினிகளைத் தூக்கியெறிய மனமில்லாத பலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா போன்ற இயங்குதளங்களுக்கு மாறுகிறார்கள். இணையம், மின்னஞ்சல், ஆவணங்கள், காணொளி ஆகியவற்றில் அவர்களுக்குச் சிக்கல் எதுவும் எழுவதில்லை. மாற்றத்தைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் ஒன்றிரண்டு மென்பொருள்கள்தான். உள்ளூர்ப் புரோகிராமர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள், அச்சகத்தில் சேர்ந்துகிடக்கும், பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள், வரி தாக்கலுக்குத் தேவைப்படும் டிஜிட்டல் கையொப்பக் கருவி என்று அவரவருக்கு ஒன்று இருக்கும். அந்த ஒன்றை லினக்ஸில் ஓடவைப்பது எப்படி என்பதையே இங்கு விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு லினக்ஸ் மின்டை எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு அது எளிது என்பதே காரணம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், சுட்டியால் சொடுக்கியே செய்து முடிக்கக்கூடிய வழிகளை மட்டும் தேர்ந்துகொண்டிருக்கிறேன்.

வைன் என்ன செய்கிறது, என்ன செய்யாது

விண்டோஸ் மென்பொருளும் லினக்ஸ் மென்பொருளும் ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியில்தான் ஓடுகின்றன. கணக்குப் போடும் கட்டளைகள் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது இயங்குதளத்திடம் உதவி கேட்கும் முறை. கோப்பைத் திறக்கவும், சாளரத்தை வரையவும், அச்சுப்பொறிக்கு அனுப்பவும் விண்டோஸ் மென்பொருள் விண்டோஸுக்கே உரிய செயற்கூறுகளை அழைக்கிறது. வைன் என்னும் கட்டற்ற மென்பொருள் அந்தச் செயற்கூறுகளைத் தானே புதிதாக எழுதி வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வோர் அழைப்பையும் லினக்ஸுக்குப் புரியும் அழைப்பாக மாற்றிக் கொடுக்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினியை அது உருவாக்குவதில்லை. அதனால்தான் வைனில் ஓடும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸில் ஓடிய வேகத்திலேயே ஓடுகிறது.

பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் இருவரும் 1993-இல் இந்த முயற்சியைத் தொடங்கினார்கள். 1994 முதல் அலெக்ஸாந்தர் ஜூலியார் அதை வழிநடத்திவருகிறார். 1.0 பதிப்பு வெளிவரவே 2008 ஜூன் வரை ஆயிற்று. இவ்வளவு நீண்ட உழைப்பின் பெரும்பகுதி பழைய விண்டோஸ் செயற்கூறுகளைச் சரியாக எழுதுவதிலேயே சென்றிருப்பதால், விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்து மென்பொருள்கள் வைனில் நன்றாக ஓடுகின்றன. மாதந்தோறும் மாறிக்கொண்டிருக்கும், இணையத்தின் வழியாக உரிமம் சரிபார்க்கும் புதிய சந்தா மென்பொருள்கள்தாம் அதிகம் தடுமாறுகின்றன. பழைய மென்பொருளை வைத்திருப்பவர் தயங்க வேண்டியதில்லை. இந்த வழி அவருக்கே அதிகம் பொருந்தும்.

வைனால் முடியாத ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்னல் என்னும் விண்டோஸின் மையப் பகுதிக்குள் நுழைந்து வேலை செய்யும் டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்களை, அது ஏற்றாது. வைனுக்குள் விண்டோஸ் கர்னலே இல்லை. ஆகவே சொந்த டிரைவருடன் வரும், உரிமத்தைச் சரிபார்க்கும் யுஎஸ்பி பூட்டுச் சாவி, தனிவகை ஸ்கேனர், வைரஸ் எதிர்ப்பு மென்பொருள், விளையாட்டுகளில் ஏமாற்றுவதைத் தடுக்கக் கர்னல் மட்டத்தில் கண்காணிக்கும் முறைகள் ஆகியவை வைனில் ஓடாது. ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் செயலிக் கணினிகளுக்கும் வைன் மட்டும் போதாது. கட்டளைகளையே மொழிமாற்றும் இன்னொரு மென்பொருள் அங்கே தேவைப்படும்.

விண்டோஸை அழிக்கும் முன் செய்ய வேண்டியவை

என் கருத்தில் முழு வேலையிலும் முக்கியமான பகுதி இதுவே. அவசரப்படுபவர்கள் தாண்டிச் செல்வதும் இதையே. விண்டோஸ் இன்னும் கணினியில் இருக்கும்போதே, உங்களுக்குத் தேவையான மென்பொருளைத் திறந்து, உதவிப் பட்டியலில் உள்ள ‘அபௌட்’ பகுதியில் அதன் சரியான பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவுகோப்பு, உரிம எண், பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைத் தேடி எடுத்து வெளி வட்டில் சேமியுங்கள். ஒரு கணினிக்கு மட்டும் என்று உரிமம் கட்டப்பட்டிருந்தால், பழைய இடத்தில் அதை விடுவித்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

அடுத்தது தரவு. பில்லிங் மென்பொருள்கள் பல தங்கள் தரவை ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் வைப்பதில்லை. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளேயோ, சி டிரைவின் வேரிலேயே ஒரு தனிக் கோப்புறையிலோ எம்டிபி என்ற நீட்சி கொண்ட தரவுத்தளக் கோப்பாக வைத்திருக்கும். மென்பொருளிலேயே பேக்கப் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி ஒரு பிரதி எடுங்கள். கோப்புறையை முழுவதுமாக இன்னொரு பிரதியும் எடுங்கள். இரண்டும் வெளி வட்டில் இருப்பதை வேறொரு கணினியில் திறந்து உறுதிசெய்துகொண்ட பிறகே விண்டோஸை நீக்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

பின்னர் அந்த மென்பொருள் எவற்றைத் தொடுகிறது என்று எழுதிப் பாருங்கள். திரை, விசைப்பலகை, கோப்புகள், சாதாரண அச்சுப்பொறி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது என்றால் வைன் வழியை முதலில் முயலலாம். டிரைவர் தேவைப்படும் கருவி எதையாவது தொடுகிறது என்றால் வைனில் நேரத்தைச் செலவிடாமல் நேராக மெய்நிகர் கணினிக்கு (லினக்ஸுக்குள் ஒரு சாளரத்தில் முழு விண்டோஸையே ஓடவிடும் வழி; பின்னால் விளக்கியிருக்கிறேன்) செல்லுங்கள். வைன் திட்டத்தார் நடத்தும் மென்பொருள் தரவுத்தளத்தில் உங்கள் மென்பொருளின் பெயரைத் தேடினால் பிளாட்டினம் முதல் கார்பேஜ் வரையிலான தரநிலைகளில் ஒன்று கிடைக்கும். அந்தத் தரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சோதித்தவர் பயன்படுத்திய மென்பொருள் பதிப்பு உங்களுடையதுதானா, அவரது வைன் பதிப்பு எவ்வளவு பழையது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாட்டில்ஸ் வழியாக வைன்

வைனை நேரடியாகவும் நிறுவலாம். ஆனால் அப்போது எல்லா விண்டோஸ் மென்பொருள்களும் ஒரே இடத்தில் குவிந்து, ஒன்றுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்கும். பாட்டில்ஸ் என்னும் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சி டிரைவையும் தனித்தனி அமைப்புகளையும் உருவாக்கித் தருகிறது. அப்படிப்பட்ட ஒவ்வோர் அறையையும் அது ‘பாட்டில்’ என்று அழைக்கிறது. ஒரு மென்பொருளுக்கு ஒரு பாட்டில் என்ற ஒழுங்கை முதல் நாளிலிருந்தே கடைப்பிடித்தால், ஒன்று பழுதானால் அதை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

லினக்ஸ் மின்டில் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ திறந்து பாட்டில்ஸ் என்று தேடுங்கள்; ஃபிளாட்ஹப் என்னும் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வரும் ஃபிளாட்பேக் பொதி வடிவத்தை நிறுவுங்கள். அதன் உருவாக்குநர்கள் ஆதரிப்பது அந்த வடிவத்தைத்தான். கூடவே ஃபிளாட்சீல் என்ற சிறு கருவியையும் நிறுவிக்கொள்ளுங்கள். அதன் தேவை சற்று நேரத்தில் தெரியும். பாட்டில்ஸை முதன்முறை திறக்கும்போது தனக்கு வேண்டிய வைன் பதிப்பையும் துணைக் கூறுகளையும் அதுவே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். அது முடியும் வரை காத்திருங்கள்.

மேலே உள்ள கூட்டல் குறியைச் சொடுக்கினால் புதிய பாட்டிலுக்கான சாளரம் வரும். இடைவெளியில்லாத எளிய ஆங்கிலப் பெயர் ஒன்றைக் கொடுத்து, ‘அப்ளிகேஷன்’ என்ற வகையைத் தேர்ந்து உருவாக்குங்கள். விளையாட்டுகளுக்கு ‘கேமிங்’ வகை. உருவான பாட்டிலுக்குள் சென்று ‘ரன் எக்ஸிகியூட்டபிள்’ என்ற பொத்தானை அழுத்தி, உங்கள் நிறுவுகோப்பைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸில் பார்த்துப் பழகிய அதே ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஃபினிஷ்’ சாளரங்கள் வரிசையாக வரும். முதல் முயற்சிக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற சிறிய இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிப் பாருங்கள். அது ஓடினால் பாட்டில்ஸ் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு உங்கள் மென்பொருளில் சிக்கல் வந்தால் எங்கே தேடுவது என்பதில் குழப்பம் இராது.

நிறுவுகோப்பு தொடங்கியதும் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்ற பொருளில் பிழை காட்டி நின்றுவிட்டால், பெரும்பாலும் அது வைனின் குறையன்று. ஃபிளாட்பேக் மென்பொருள்கள் உங்கள் வீட்டுக் கோப்புறை முழுவதையும் பார்க்க முடியாதபடி அடைக்கப்பட்டவை. நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு கோப்பு மட்டும் அதற்குத் தெரியும். பக்கத்தில் கிடக்கும் கேப், டேட் போன்ற துணைக் கோப்புகள் தெரியாமல் போகும். ஃபிளாட்சீலைத் திறந்து, பாட்டில்ஸைத் தேர்ந்து, ‘ஃபைல்சிஸ்டம்’ பகுதியின் ‘அதர் ஃபைல்ஸ்’ வரியில் அந்த நிறுவுகோப்புகள் இருக்கும் கோப்புறையின் பாதையை மட்டும் சேர்த்து, பாட்டில்ஸை மூடித் திறந்தால் சரியாகிவிடும். வசதிக்காக வீட்டுக் கோப்புறை முழுவதையும் திறந்துவிட வேண்டாம். விண்டோஸ் வைரஸ்களில் பல வைனிலும் ஓடக்கூடியவை. உங்கள் ஆவணங்களுக்கு அந்த அடைப்பே காப்பு.

ஓட மறுக்கும்போது

நிறுவல் முடிந்தும் மென்பொருள் திறக்காமல் போவது சாதாரணம். பெரும்பாலான நேரங்களில் காரணம், அந்த மென்பொருள் எதிர்பார்க்கும் மைக்ரோசாஃப்ட் துணை நூலகம் இல்லாததே. பிழைச் சாளரத்தில் வரும் டிஎல்எல் (துணை நூலகக் கோப்பு) பெயரைக் கவனமாகப் படியுங்கள். அதிலேயே விடை இருக்கும். எம்எஸ்விபிவிஎம்60 என்று வந்தால் அது விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்ட மென்பொருள். அதை ஓட்டும் விபி6 ரன்டைம் நூலகம் வேண்டும். இந்தியாவின் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பில்லிங் மென்பொருள்களில் இவ்வகை நிறைய. எம்எஸ்காம்சிடிஎல் என்ற ஓசிஎக்ஸ் கோப்பைக் கேட்டாலும் அதே குடும்பம்தான். விசிரன்டைம்140 அல்லது எம்எஸ்விசிபி140 என்று வந்தால் விஷுவல் சி பிளஸ் பிளஸின் 2015-க்குப் பிந்தைய மறுவிநியோகத் தொகுப்பு வேண்டும். எம்எஃப்சி42 என்றால் அதைவிடப் பழைய விஷுவல் சி பிளஸ் பிளஸ் 6-இன் நூலகம்.

பாட்டிலுக்குள் ‘டிப்பெண்டன்சீஸ்’ என்ற பகுதியில் இத்தகைய நூலகங்களின் பட்டியல் இருக்கிறது. வேண்டியதன் அருகே சொடுக்கினால் இறங்கி நிறுவப்படும். பட்டியலில் இல்லாத ஒன்றை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, மற்ற மென்பொருள்களைப் போலவே ‘ரன் எக்ஸிகியூட்டபிள்’ வழியாக அதே பாட்டிலில் நிறுவலாம். டாட்நெட் என்னும் மைக்ரோசாஃப்ட் துணைத் தொகுப்பைக் கேட்கும் மென்பொருளாக இருந்தால், வைனுடன் வரும் மோனோ என்னும் மாற்றே போதுமா என்று முதலில் பாருங்கள். போதாவிட்டால் மட்டும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டை நிறுவுங்கள். கையில் கிடைத்த எல்லா நூலகங்களையும் முன்கூட்டியே நிரப்பிவைப்பது நன்மையைவிடத் தொல்லையையே தரும். ஒன்றை நிறுவிச் சோதித்து, அதன் பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

தரவை எம்டிபி கோப்பில் வைத்திருக்கும் மென்பொருள் திறந்தும் தரவுத்தளத்தை இணைக்க முடியவில்லை என்று சொன்னால், ஜெட் என்னும் தரவுத்தள எந்திரம் இல்லை என்பது பொருள். அதையும் நிறுவிப் பார்க்கலாம். ஆனால் பல பில்லிங் மென்பொருள்கள் இந்தப் படியில்தான் பிடிவாதமாக நிற்கும். ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டும் முன்னேற்றம் இல்லையென்றால் மெய்நிகர் கணினிக்கு மாறிவிடுவதே நல்லது. கடைக் கணக்கை அரைகுறையாக ஓடும் அமைப்பில் வைக்கக் கூடாது.

எழுத்துகள் மிகச் சிறிதாகத் தெரிந்தால், பாட்டிலின் பழைய கருவிகள் பகுதியில் உள்ள வைன் அமைப்புச் சாளரத்தைத் திறந்து, ‘கிராஃபிக்ஸ்’ தாளில் 96 என்று இருக்கும் திரை அடர்த்தியை 120 அல்லது 144 ஆக்குங்கள். மென்பொருள் பழைய விண்டோஸை எதிர்பார்த்தால், எந்த விண்டோஸ் பதிப்பாகக் காட்டிக்கொள்வது என்பதையும் அதே சாளரத்தில் மாற்றலாம்.

தமிழ் எழுத்தும் தேதியும்

யூனிகோடில் எழுதப்பட்ட தமிழ் என்றால் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் நோட்டோ, லோஹித் எழுத்துருக்களையே வைன் எடுத்துக்கொள்ளும். சிக்கல் பாமினி, டாம், டாப் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் இருக்கிறது. அவை ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தவை. எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். பாட்டிலின் பட்டியலில் உள்ள ‘பிரவுஸ் ஃபைல்ஸ்’ வழியாகச் சி டிரைவைத் திறந்து, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபாண்ட்ஸ்’ கோப்புறையில் அந்த எழுத்துருக் கோப்புகளை இட்டு, மென்பொருளை மீண்டும் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்கள் அதற்காக விண்டோஸ் கருவி எதையும் வைனுக்குள் நிறுவ வேண்டியதில்லை. லினக்ஸின் ஐபஸ் உள்ளீட்டு முறையில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலியியல் முறை ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. யூனிகோடை ஏற்கும் விண்டோஸ் மென்பொருளிலும் அவற்றால் எழுதலாம்.

கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் தேதி அமைப்பைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். தேதி எழுதும் முறையை வைன் லினக்ஸின் வட்டார அமைப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். ஏப்ரல் 3 அன்று போட்ட பில் மார்ச் 4 ஆகப் பதிவாகி, நிதியாண்டே மாறிப்போகும். லினக்ஸ் மின்டின் ‘லாங்குவேஜஸ்’ அமைப்பில் வட்டாரத்தை இந்திய ஆங்கிலமாக மாற்றிவிட்டு, வெளியேறி உள்நுழையுங்கள். பிறகு சோதனை பில் ஒன்றை மாதத்தின் 13-ஆம் நாளுக்கு முன்பான தேதியில் போட்டுப் பாருங்கள். 12-க்கு மேல் மாதம் இல்லை என்பதால், அதற்குப் பிந்தைய தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறியது கண்ணுக்குப் படாமல் போகலாம்.

அச்சிடுவதற்கு, லினக்ஸில் நிறுவப்பட்ட அச்சுப்பொறிகள் வைனிலும் தெரியும். தெரியாவிட்டால் ஃபிளாட்சீலில் பாட்டில்ஸுக்கு ‘பிரின்டிங் சிஸ்டம்’ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு நேரடியாக எல்பிடி என்னும் பழைய அச்சுப்பொறி போர்ட் வழியாக எழுதும் மென்பொருள்களை வைனில் முயல்வதை நான் பரிந்துரைக்கவில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பாட்டிலின் ‘பேக்கப்’ வசதியால் முழுப் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். பாட்டில்ஸ் புதிய வைன் பதிப்பைப் பரிந்துரைக்கும்போது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அதை மாற்ற வேண்டாம். பிரதியில் சோதித்த பிறகு மாற்றலாம்.

விளையாட்டுகள்

இதில் பெரும்பகுதி வேலையை ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. 2018 ஆகஸ்டில் அது வெளியிட்ட புரோட்டான், வைனையும், விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலை அழைப்புகளை லினக்ஸில் ஓடும் வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகேவையும் இணைத்து ஸ்டீமுக்குள்ளேயே தருகிறது. முன்பு ஸ்டீமின் ‘கம்பாட்டிபிலிட்டி’ அமைப்பில் ஸ்டீம் பிளேயை எல்லா விளையாட்டுகளுக்கும் அனுமதிக்க வேண்டியிருந்தது; இப்போதைய பதிப்புகளில் அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். வாங்கும் முன் புரோட்டான்டிபி தளத்தில் அந்த விளையாட்டின் நிலையைப் பாருங்கள். வாலரன்ட் போலக் கர்னல் மட்டக் கண்காணிப்பு உள்ளவை ஓடாது.

மெய்நிகர் கணினி

வைன் ஒத்துவராதபோது, லினக்ஸுக்குள் ஒரு சாளரத்தில் முழு விண்டோஸையே ஓடவிடுவது நிச்சயமான வழி. வேகமும் நினைவகமும் கூடுதலாகச் செலவாகும்; கணினியில் 8 ஜிபி ராம் குறைந்தபட்சம் வேண்டும், 16 ஜிபி இருந்தால் நிம்மதி. விண்டோஸுக்கு உரிமமும் தேவை. கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பொதுவாக அந்த வன்பொருளோடு கட்டப்பட்டது என்பதால், அதன் விதிகளைப் படித்துப் பார்த்தே பயன்படுத்துங்கள்.

கணினியை மறுதொடக்கம் செய்து கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற மெய்நிகராக்க வசதியை இயக்குங்கள். பின் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ மூலம், மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவுங்கள். செக்யூர் பூட் என்னும் தொடக்கப் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால் நிறுவலின்போது கடவுச்சொல் ஒன்றை அமைக்கச் சொல்லும். அடுத்த மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்து அனுமதித்தால்தான் விர்ச்சுவல்பாக்ஸின் கர்னல் கூறுகள் ஏறும். பலர் அந்தத் திரையைக் கவனிக்காமல் கடந்துவிட்டு, மெய்நிகர் கணினி ஏன் தொடங்கவில்லை என்று திகைக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸின் ஐஎஸ்ஓ என்னும் நிறுவல் வட்டுக் கோப்பை இறக்கி, விர்ச்சுவல்பாக்ஸில் ‘நியூ’ சொடுக்கி அதைக் காட்டுங்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகம், 2 செயலிக் கருக்கள், 64 ஜிபி வட்டு ஆகியவை குறைந்தபட்சம். டிபிஎம் 2.0 உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் அதை மென்பொருளாகவே தருகிறது. விண்டோஸ் நிறுவி முடிந்ததும் ‘டிவைசஸ்’ பட்டியலிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் துணை மென்பொருளைச் செருகி உள்ளே நிறுவினால் திரை அளவு தானாகப் பொருந்தும். லினக்ஸின் கோப்புறை ஒன்றைப் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பூட்டுச் சாவி ஆகியவற்றுக்கு இந்த வழியே தக்கது. முதலில் லினக்ஸில் உங்கள் பயனர் பெயரை ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி உள்நுழைய வேண்டும். மின்டின் ‘யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’ அமைப்பிலேயே இதைச் செய்யலாம். பிறகு மெய்நிகர் கணினியின் யுஎஸ்பி அமைப்பில் டோக்கனுக்கு ஒரு வடிப்பானைச் சேர்த்தால், அதைச் செருகும் ஒவ்வொரு முறையும் அது நேராக விண்டோஸுக்கே போகும். டோக்கனின் டிரைவரை அந்த விண்டோஸில் வழக்கம்போல் நிறுவிக்கொள்ளுங்கள். இபாஸ்2003 போன்ற சில டோக்கன்களை லினக்ஸின் ஓபன்எஸ்சி மென்பொருளே அறியும். கையொப்பமிடும் கருவிக்கும் லினக்ஸ் பதிப்பு இருந்தால் இத்தனை ஏற்பாடும் தேவைப்படாது.

பேஜ்மேக்கர் வைத்திருக்கும் அச்சகங்களுக்கும் இதையே சொல்வேன். பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டும் வேண்டுமானால், லிப்ரெஆபிஸ் 4.4 முதல் அதன் ‘டிரா’ செயலி பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. திருத்தி மறுபடி அச்சுக்கு அனுப்ப வேண்டுமானால், உரிமம் உள்ள பழைய விண்டோஸ் ஒன்றை மெய்நிகர் கணினியில் நிறுவி, அதில் பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக்களையும் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன அந்த விண்டோஸுக்கு இணையம் கூடாது. அமைப்பில் ‘நெட்வொர்க்’ பகுதிக்குச் சென்று வலைப்பின்னல் அட்டையை முடக்கிவிடுங்கள். கோப்புகள் பகிர்ந்த கோப்புறை வழியாக வந்து போகும்.

எல்லாம் சரியாக ஓடும் நிலையில் ஒரு ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்து வைத்தால், பின்னர் எது கெட்டாலும் அந்த நிலைக்குச் சில நிமிடங்களில் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே வட்டில்தான் இருக்கிறது என்பதால் அது பேக்கப் ஆகாது. மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, ‘எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்’ மூலம் கிடைக்கும் ஓவிஏ கோப்பை வெளி வட்டுக்கு நகலெடுங்கள். கணக்குத் தரவை மட்டும் பகிர்ந்த கோப்புறைக்குள் தினமும் பேக்கப் எடுக்கும்படி பில்லிங் மென்பொருளிலேயே அமைத்துவிடுங்கள்.